படம் மறைக்கும் முகம்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர், கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். வயது பத்தொன்பது. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து உரையாடிக் கொண்டிருந்தோம். அப்போது தம் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை நம்மிடம் நீட்டினார். படத்தின் இடப்பக்கத்தில் ஓர் இளம் படைவீரன். தோளில் துப்பாக்கி, முகத்தில் புழுதி. அவனுக்கு மேலே 'அனுமதி உண்டு' என்னும் பச்சைக் குறி. வலப்பக்கத்தில் அதே வீரன். கையில் துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு குவளை பீர். அவன்மீது சிவப்பு நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு.

"இதில் என்ன நியாயம் இருக்கிறது, சாமி? பதினெட்டு வயதில் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம்; இருபத்தொன்று ஆகும்வரை ஒரு குவளை பீர் வாங்கக் கூடாது. நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பல ஆண்டுகள் மறையுரை ஆற்றிப் பழகிய நாவும் ஒரு படத்தின் முன் தடுமாறியது. விடை தேடிச் சென்றபோது, அந்தப் படத்திற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பதைக் கண்டோம். அதையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

படங்கள் வாதாடிய காலங்கள்

மதுவைப் பற்றிய வழக்கில் படங்கள் சாட்சிக்கூண்டு ஏறியது இன்று நேற்றல்ல. 1751-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் இரு செதுக்குப் படங்களை இணையாக வெளியிட்டார். ஒன்று 'ஜின் சந்து'. மற்றொன்று 'பீர் வீதி'. முதற் படத்தில், போதையில் மயங்கிய தாயொருத்தியின் கையிலிருந்து குழந்தை நழுவிப் படிக்கட்டின் கீழே விழுகிறது. அடகுக் கடைக்காரன் செழிக்கிறான். இரண்டாம் படத்தில் அனைவரும் கொழுத்து மகிழ்ந்திருக்க, அடகுக் கடைதான் பாழடைந்து கிடக்கிறது. அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோகார்த் மதுவையே எதிர்த்தவர் அல்லர். ஒரு மதுவைப் பழித்து மற்றொரு மதுவைப் புகழ்ந்தார். பீர் வீதியிலும் குடித்துக் கெட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

அமெரிக்காவில் 1846-இல் நத்தானியேல் கரியர் வெளியிட்ட 'குடிகாரனின் பயணம்' என்னும் கல்லச்சுப் படமும் புகழ் பெற்றது. வளைவுப் பாலம்போல் ஏறி இறங்கும் ஒன்பது படிகள். முதற்படியில் நண்பனோடு ஒரு குவளை. ஒன்பதாம் படியில் தன் கையாலேயே சாவு. வளைவின் அடியில் குழந்தையுடன் அழுது நிற்கும் மனைவி. மூன்றாண்டுகள் கழித்து, அயர்லாந்தின் கப்புச்சின் துறவி தியோபால்டு மேத்யூ அடிகளார் அமெரிக்கா சென்று, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஊர் ஊராக மதுவிலக்கு உறுதிமொழி வாங்கியபோது, மக்கள் உள்ளத்தில் இத்தகைய படங்கள் ஏற்கெனவே பதிந்திருந்தன.

அந்த இயக்கங்களின் முடிவாக 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. திருப்பலிக்குரிய திராட்சை இரசத்திற்குச் சட்டம் விலக்கு அளித்தது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீக்கப்பட்டபின், வயது வரம்பை விதிக்கும் பொறுப்பு மாநிலங்களைச் சேர்ந்தது. ஒருவர் முழு உரிமை பெற்றவராகக் கருதப்பட்ட வயது அந்நாளில் இருபத்தொன்று. ஆகவே பெரும்பாலான மாநிலங்கள் அதையே மதுவுக்கும் வரம்பாகக் கொண்டன.

போர்முனையும் வாக்குச்சீட்டும்

நம் இளைஞர் காட்டிய படத்தின் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. 1942-இல் கட்டாயப் படைச் சேர்க்கைக்கான வயதை அமெரிக்கா பதினெட்டாகக் குறைத்தது. போரிடும் வயது வந்தவனுக்கு வாக்களிக்கும் வயது வரவில்லையா என்ற முழக்கம் அப்போது எழுந்தது. 1943-இல் ஜார்ஜியா மாநிலம் வாக்குரிமை வயதைப் பதினெட்டாக்கியது. ஏனையவை தயங்கின.

வியட்நாம் போர் அந்தத் தயக்கத்தைப் போக்கியது. தொலைக்காட்சி வழியாக இல்லங்களின் கூடத்திற்கே வந்த முதற் போர் அது. இரவு உணவின்போது, சேற்றில் கிடக்கும் பத்தொன்பது வயது முகங்களை மக்கள் கண்டார்கள். 1969 டிசம்பர் 1 அன்று, யார் யார் படைக்குச் செல்வது என்பதைத் தீர்மானிக்கப் பிறந்த நாட்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்த காட்சியும் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. தங்களைச் சாவுக்கு அனுப்புவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த இளைஞர்களுக்கு இல்லையே என்ற கேள்வி நாட்டின் மனச்சான்றைத் தைத்தது. 1971 ஜூலையில் அரசியலமைப்பின் 26-ஆம் திருத்தம் நிறைவேறி, பதினெட்டு வயதினர் வாக்குரிமை பெற்றனர்.

அது நேர்மையான வாதம், வென்றதும் முறையே. ஆனால் வெற்றி பெற்ற படம் ஓய்வெடுக்கவில்லை. வாக்குச்சீட்டு இருந்த இடத்தில் மதுக்குவளை வந்து அமர்ந்தது. 1970 முதல் 1975 வரையிலான காலத்தில் 29 மாநிலங்கள் மது வயதைப் பதினெட்டு, பத்தொன்பது அல்லது இருபதாகக் குறைத்தன.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். போருக்கும் வாக்குக்கும் உள்ள உறவு நேரடியானது. உயிரைக் கொடுக்கக் கேட்கப்படுபவனுக்கு அதைக் கேட்கும் அரசை அமைப்பதில் பங்கு வேண்டும். போருக்கும் பீருக்கும் அத்தகைய உறவு ஏது? பதினெட்டு என்ற எண் ஒன்றைத் தவிர இரண்டையும் இணைப்பது எதுவுமில்லை. சொல்லில் வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி விளங்கும். படமோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இணைக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடமே விட்டுவிடுகிறது.

திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. 1978-இல் வெளிவந்த 'அனிமல் ஹவுஸ்' என்னும் நகைச்சுவைப் படம், கல்லூரி வாழ்க்கை என்றாலே பீரும் கூச்சலும் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் உள்ளத்தில் பதித்தது. அதில் ஒரு மாணவன் விஸ்கி புட்டியை ஒரே மூச்சில் காலி செய்து எழுந்து நிற்கிறான், அரங்கம் சிரிக்கிறது. திரையில் நடிகர்கள் பருகுவது பெரும்பாலும் தேநீர் அல்லது நிறம் சேர்த்த நீர் என்பதை அறிவோம். அதைப் பார்த்துத் தாமும் செய்ய முற்படும் மாணவரின் புட்டியில் இருப்பது தேநீர் அல்லவே!

எதிர்ப்பக்கத்தின் படம்

வயதைக் குறைத்த மாநிலங்களின் சாலைகளில் இளையோர் விபத்துகள் பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1972-இல் வரம்பைப் பதினெட்டாக்கிய மிச்சிகன் மாநிலத்து மக்கள், 1978-இல் தாங்களே வாக்களித்து அதை மீண்டும் இருபத்தொன்றாக்கினர். அண்டை மாநிலங்களில் வரம்பு வேறுபட்டதால், இளைஞர்கள் எல்லை கடந்து சென்று குடித்துவிட்டு நள்ளிரவில் வண்டியோட்டித் திரும்பினர். அத்தகைய எல்லைகளை 'குருதி எல்லைகள்' என்றே மக்கள் அழைத்தனர்.

1980 மே 3 அன்று கலிபோர்னியாவில், சாலையோரம் நடந்து சென்ற கேரி லைட்னர் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியைக் குடிபோதையில் வந்த ஒருவரின் கார் மோதிக் கொன்றது. அதே குற்றத்திற்காக முன்பும் பிடிபட்டவர் அவர். சிறுமியின் தாய் கேண்டி லைட்னர் அந்த ஆண்டிலேயே, குடித்து வண்டியோட்டுவதை எதிர்க்கும் அன்னையரின் அமைப்பைத் தொடங்கினார். அன்னையர் அரசு அலுவலகங்களுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் இறந்துபோன தம் பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்திச் சென்றனர். 1983-இல் லைட்னரின் கதை தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்தது.

படைவீரனின் படத்துக்கு எதிரே இப்போது பள்ளிச் சிறுமியின் படம் நின்றது. 1984 ஜூலை 17 அன்று அதிபர் ரொனால்டு ரீகன் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடுக்காத மாநிலங்களுக்கு, நடுவண் அரசின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி குறைக்கப்படும் என்றது அச்சட்டம். தெற்கு டகோட்டா மாநிலம் அதை எதிர்த்து வழக்காடி 1987-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. 1975 முதல் 2017 வரை இந்த வயது வரம்பு 31,000-க்கும் மேற்பட்ட உயிர்களைச் சாலைகளில் காத்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது. இருக்கைப் பட்டை, கடுமையான தண்டனைகள், குடிக்காத ஒருவரை வண்டியோட்ட ஏற்பாடு செய்துகொள்ளும் வழக்கம் ஆகியவையும் விபத்துகளைக் குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

மீண்டும் எழுந்த வாதம்

வாதம் அத்துடன் முடியவில்லை. 2008-இல் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், இருபத்தொன்று என்னும் வரம்பை மறுபடி ஆராய வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். முன்னின்றவர் மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல். அம்முயற்சிக்கு 'அமெதிஸ்ட்' என்று பெயரிட்டனர். நம் ஆயர்களின் மோதிரத்தில் மரபாகப் பதிக்கப்படும் செவ்வந்திக்கல் அது. போதையுறாதது என்பது அதன் கிரேக்கப் பெயரின் பொருள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், பழைய படைவீரனின் படம் புது வலிமையுடன் திரும்பி வந்தது. அதனோடு வேறு இரு படங்களும் தொலைக்காட்சி விவாதங்களில் வலம் வந்தன.

ஒன்று, ஐரோப்பியக் குடும்பத்தின் உணவு மேசை. பிரான்சிலோ இத்தாலியிலோ, தந்தை தம் பதினாறு வயது மகனுக்குச் சிறிது திராட்சை மது ஊற்றுகிறார். அனைவரும் சிரித்து உண்கின்றனர். அழகான காட்சி. ஆனால் ஐரோப்பியப் பள்ளி மாணவரிடையே 1995 முதல் நடத்தப்பட்டு வரும் ஆய்வுகளுடன் ஒப்பிட்டால், அளவுமீறிக் குடிப்பதில் அமெரிக்க மாணவரைவிடப் பல ஐரோப்பிய நாட்டு மாணவர்களே முந்தி நிற்பதைக் காணலாம். அமெரிக்கர் அந்த மேசையைக் காட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்த நாடுகள் செய்தது என்ன? பதினாறு வயதில் மது வாங்க இருந்த வாய்ப்பை நீக்கி, பிரான்ஸ் 2009-லும், இத்தாலி 2012-லும், நெதர்லாந்து 2014-லும் வரம்பைப் பதினெட்டாக உயர்த்தின. மேசையைப் படமெடுத்தவர்கள், அந்த வீட்டார் கவலையோடு சட்டம் இயற்றியதைப் படமெடுக்கவில்லை.

மற்றொன்று, பூட்டிய அறை. தடையினால் இளையோர் மேற்பார்வையற்ற இடங்களில் ஒளிந்து மிகுதியாகக் குடிக்கின்றனர் என்பது அதன் வாதம். இதில் உண்மை உண்டு. அதை நாம் பின்னர் நேரிலேயே கேட்க நேர்ந்தது.

நம் கையிலுள்ள படங்கள்

மறுபக்கத்தாரை மட்டும் குறை கூறுவது அறமாகாது. அன்னையர் ஏந்திய படமும் முழு உண்மையைக் காட்டவில்லை. 1988 மே 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் கேரல்டன் அருகே, சுற்றுலா சென்று திரும்பிய ஆலய இளையோரின் பேருந்தின்மீது போதையில் வந்தவரின் வண்டி மோதி 27 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். மோதியவருக்கு வயது முப்பத்து நான்கு. வயது வரம்பு ஒன்றே காக்கும் என்று நம்பினால், இந்தக் கல்லறைகளுக்கு நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

நம் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கு அறிக்கையிட வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், தவக்கால ஞானஒடுக்கம் ஒன்றில், குடிகாரன் படிப்படியாக அழிவதைக் காட்டும் வண்ணப் படங்களை ஆலயத்தில் வரிசையாகத் தொங்கவிட்டு மறையுரை ஆற்றினோம். மக்கள் கண்கலங்கினர், நாம் மனநிறைவு கொண்டோம். அடுத்த வாரம் ஒரு தாய் வந்து நின்றார். "சாமி, படத்துல இருக்கறது உங்க அப்பாதான்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்றாங்களாம். பையன் இனிமே கோயிலுக்கு வரமாட்டேன்னு அழறான்" என்றார். முன்வரிசையில் அமர்ந்து அந்தப் படங்களைப் பார்த்திருந்த சிறுவனின் முகத்தை நாம் கவனிக்கவே இல்லை. குடிகாரனைக் காட்டினோம், அவன் பிள்ளையைக் காணத் தவறினோம். அச்சிறுவனை மீண்டும் ஆலயத்திற்கு அழைத்துவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

படம் பொய் சொல்கிறது என்று நாம் கூறவில்லை. எந்தப் படமும் சிலவற்றை உள்ளே வைத்துச் சிலவற்றை வெளியே நிறுத்துகிறது. வெளியே நிற்பவரைத் தேடிச் செல்வது பார்ப்பவரின் கடமை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டபோது, அவற்றைப் போற்றியதோடு, அவற்றைப் பயன்படுத்துவோரின் கடமையையும், சிறப்பாக இளையோரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையும் நினைவூட்டியது இதனாலேயே.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முயலாது. பிறருக்குக் கேடு விளைவிக்கும் பெருந்தீமைகளையே முதன்மையாகத் தடுக்கும் என்பது புனித தோமா அக்குவினாவின் தெளிவு. கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரை இரசமாக்கிய ஆண்டவரைப் பின்பற்றும் நாம், மதுவைத் தன்னிலே தீயது என்று கூற இயலாது. ஆயினும் 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதையினால் சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குவோர் பெருங்குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்று வெளிப்படையாகவே கற்பிக்கிறது. வயது வரம்பின் நோக்கம் இளைஞனை இழிவுபடுத்துவது அன்று. சாலையில் நடந்து வரும் முகமறியாச் சிறுமியையும், சில வேளைகளில் அந்த இளைஞனையே அவனிடமிருந்தும் காப்பது.

திண்ணையில் ஒரு விடை

இளைஞர் திரும்பிச் செல்வதற்கு முந்தைய நாள் மாலை விடைபெற வந்தார். அந்தப் படத்தை மீண்டும் காட்டச் சொன்னோம். "இதில் யார் இல்லை என்று பார், தம்பி" என்றோம்.

நெடுநேரம் பார்த்தார். "அவனுக்குத் துப்பாக்கி கொடுத்த அதிகாரி இல்லை. பயிற்சி கொடுத்தவர் இல்லை. குடித்தபிறகு அவன் போகப்போகும் சாலை இல்லை" என்றார். சற்று நிறுத்தி, "என் அறைத்தோழனும் இல்லை, சாமி" என்றார்.

பிறகுதான் சொன்னார். சென்ற ஆண்டு ஓர் இரவு, விடுதி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு குடித்த அவருடைய தோழன் நினைவிழந்து கிடந்தான். எவருக்கும் இருபத்தொரு வயது ஆகவில்லை. ஆம்புலன்சை அழைத்தால் சட்டம் தங்களைப் பிடிக்கும் என்று அஞ்சி, ஒரு மணி நேரத்திற்கு மேல் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். கடைசியில் அழைத்தார்கள், பிழைத்துக்கொண்டான். "வயது பதினெட்டு என்றிருந்தால் உடனே அழைத்திருப்போம். அதனால்தான் கேட்டேன்" என்றார்.

அவர் கேள்விக்குப் பின்னால் ஒரு வேடிக்கைப் படம்தான் இருந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். ஒரு முழு இரவின் அச்சம் இருந்திருக்கிறது. அவரையும் நாம் சட்டகத்திற்கு வெளியேதான் நிறுத்தியிருந்தோம்!

உதவிக்கு அழைப்பவரைத் தண்டியாது விடும் சட்டங்களை அமெரிக்காவின் பல மாநிலங்கள் இயற்றியுள்ளதை அவருக்கு எடுத்துரைத்தோம். வரம்பைக் குறைக்காமலேயே அந்த அச்சத்தைக் குறைக்க வழி உண்டு. "சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொரு முறை நேர்ந்தால் முதலில் அழை. தண்டனை வந்தால் ஏற்றுக்கொள். நண்பனின் உயிர் அதைவிடப் பெரிது" என்றோம். தலையசைத்தார்.

"படைவீரனுக்கு என்ன விடை, சாமி?" என்று புன்னகையோடு கேட்டார்.

வலப்பக்கத்துக் குவளையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், இடப்பக்கத்துத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்றோம். பதினெட்டு வயதுப் பிள்ளையைச் சாவின் வாயிலுக்கு அனுப்புவது அந்தப் படத்தில் எவ்வளவு எளிதாகப் பச்சைக் குறி பெற்றுவிடுகிறது! வியட்நாமில் மாண்ட அமெரிக்கர் 58,000-க்கும் மேற்பட்டோர். மாண்ட வியட்நாமியரோ அதனினும் பன்மடங்கு. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குச் செய்த அநீதியை ஒரு குவளை பீர் கொடுத்து ஈடுசெய்ய முடியுமா? அந்த வீரனுக்கு நாம் கடன்பட்டிருப்பது மது அன்று; அமைதி.

இளைஞர் மறுமொழி கூறவில்லை. படத்தை மூடிவிட்டு, ஆசீர் பெற முழந்தாளிட்டார். அவர் தலைமீது கைவைத்தபோது, நாம் பெயரறியாத அந்த அறைத்தோழனுக்காகவும் செபித்தோம்.